பிசிறு வெட்டிய தூண்டில்கள்

எங்கள் கம்பெனி முதலாளி மலைக்கு மீன் பிடிக்கப் போகத் திட்டம் போட்டதும், அந்தத் திட்டம் என் கையால் கெட்டுப்போனதும் இரண்டாயிரம் பிறந்து நாலைந்து வருடம் கழித்து நடந்தவை. நான் ஐந்தாவது வரை படித்தவள். எழுதிப் பழக்கம் இல்லை. வாயால் யாரிடமும் சொல்ல முடியாததால் எழுதுகிறேன்.

அப்போது அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். தைத்து வரும் பனியனில் தையல் முடிகிற இடமெல்லாம் நூல் நீட்டிக்கொண்டு நிற்கும். சின்னக் கத்தரியால் அதை ஒட்ட வெட்டி, உதறி, அடுத்த மேசைக்குத் தள்ள வேண்டும். எங்கள் மேசையில் நான்தான் வயதில் மூத்தவள். யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டாலே எனக்குப் பயம். கத்தரி பிடித்தால் மட்டும் அந்தப் பயம் இருக்காது. இடது கைக்காரி என்பதால் என் வெட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்திருக்கும். எங்கள் சூப்பர்வைசர் அதைச் சொல்லிக் கேலி செய்வாள். ஆயிரம் பீஸில் கலந்து போட்டாலும் என் பீஸைத் தனியாக எடுத்துவிடுவாளாம்.

அவள் சிவகங்கைப் பக்கத்துப் பெண். கணவர் இல்லை. ஒரே மகள், பன்னிரண்டாவது படித்துக்கொண்டிருந்தது. கம்பெனி ஹாஸ்டலில் மற்றவர்கள் எல்லாம் ஹாலில் பாய் போட்டுப் படுக்க, சூப்பர்வைசர் என்பதால் இவளுக்கு மட்டும் ஒரு தனி ரூம் கொடுத்திருந்தார்கள். அதில் ஒரு மேசையும் ட்யூப் லைட்டும் உண்டு. மகள் அங்கே உட்கார்ந்து படிக்கும். "பரீட்ச முடியிற வரைக்கும் இந்த ரூம் இருந்துட்டாப் போதும்க்கா, அதுக்கு மேல எனக்கு ஒண்ணும் வேணாம்" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள்.

எங்களிடம் சரக்கு எடுக்கும் வெள்ளைக்காரர் வருடத்துக்கு இரண்டு தடவை வருவார். ஒரு தடவை பெட்டியைப் பிரித்துப் பார்த்தபோது கழுத்தோரம் ஒரே ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. அந்த லாட்டில் வந்த அத்தனை பனியனையும் திருப்பி வெட்டச் சொல்லிவிட்டார். அதிலிருந்து அவர் வருகிறார் என்றாலே எங்களுக்குப் பிசிறுதான் ஞாபகம் வரும்.

அவருக்கு மீன் பிடிப்பதில் அப்படி ஒரு பைத்தியம். ஊட்டிக்கு அந்தப் பக்கம், அவலாஞ்சியில் ஓடும் ஆற்றில் ட்ரவுட் என்று ஒரு மீன் இருக்கிறது. வெள்ளைக்காரர்கள் ஆண்ட காலத்தில் அவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்து விட்ட மீனாம். அந்த ஆற்றைப் பற்றி அவர் சின்ன வயதிலேயே புத்தகத்தில் படித்திருக்கிறார். அடுத்த தடவை வரும்போது அங்கே போக வேண்டும் என்று அவர் ஆசைப்பட, முதலாளி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதம் அதே பேச்சுதான். கட்டிங் மேசையில் மலை ரோட்டுப் படத்தை விரித்து வைத்துக்கொண்டு முதலாளியும் மேனேஜரும் வெள்ளைக்காரரோடு இங்கிலீஷில் பேசி ஆர்டர் பார்க்கும் மெர்ச்சன்டைசர் பெண்ணும் நிற்பார்கள். மேட்டுப்பாளையத்தை எத்தனை மணிக்குத் தாண்டினால் விடியும்போது ஆற்றங்கரையில் இருக்கலாம், மீன் துறை ஆபீசில் பாஸ் வாங்க யார் போவது, எந்த டிரைவருக்கு மலை ரோடு பழக்கம், இப்படி ஒவ்வொன்றாகப் பேசுவார்கள். முதலாளியம்மா புளிசாதமா, எலுமிச்சை சாதமா என்று இரண்டு தடவை போன் போட்டுக் கேட்டார். வெள்ளைக்காரர் முன்கூட்டியே ஒரு தூண்டில் கோலை அனுப்பியிருந்தார். முதலாளி மத்தியானத்தில் பின்பக்கக் காலி இடத்துக்குப் போய் அதை வீசிப் பழகினார். ஒரு நாள் காயப்போட்டிருந்த துணியில் கொக்கி மாட்டிக்கொண்டது. நாங்கள் ஜன்னலில் நின்று பார்த்தோம்.

"அந்த வெள்ளக்காரரு புடிச்ச மீன மறுக்காத் தண்ணீலயே உட்டுருவாராமா" என்றாள் எங்கள் மேசையில் ஒருத்தி.

"அதுக்கு ஏனுங்க மல ஏறோணும்? நம்ம நொய்யல் ஆத்துல போட்டா தினமும் ஒரு கலர் சாயம் வருது. அதப் புடிச்சு உடட்டும்" என்றாள் இன்னொருத்தி. நானும் சிரித்தேன்.

வெள்ளைக்காரர் வந்து இறங்கிய அன்றைக்குக் காரில் தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து பையெல்லாம் நனைந்திருந்தது. உள்ளே ஒரு தகரப் பெட்டி. அதில்தான் தூண்டில் கொக்கிகள். சூப்பர்வைசர் என்னைச் சேம்பிள் ரூமுக்குக் கூட்டிப்போய், "யக்கா, இத ஒரு துணியில பரப்பிக் காய வச்சு, காஞ்சதும் அப்படியே எடுத்து வச்சுருங்க. கைல குத்திக்காதீங்க" என்று சொல்லிவிட்டு தையல் லைனைப் பார்க்கப் போய்விட்டாள்.

முப்பது நாற்பது கொக்கிகள் இருக்கும். சின்னது கொசு அளவு, பெரியது தட்டான் அளவு. ஒவ்வொன்றிலும் நூலைச் சுற்றி, அதிலிருந்து இறகும் முடியும் நாலா பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு நூலுக்கு ஒரு லாட்டையே திருப்பிய மனிதர். அவர் சாமானில் இவ்வளவு பிசிறா? தண்ணீரில் நனைந்து பிரிந்துவிட்டது, முதலாளி முன்னால் எடுத்தால் அவருக்குக் கூச்சமாக இருக்குமே என்று நினைத்தேன். ஒன்றை எடுத்து ஒட்ட வெட்டினேன். பளிச்சென்று, எள் உருண்டை மாதிரி இருந்தது. ஒன்றை வெட்டிவிட்டு மற்றதை விடுவது நன்றாயில்லை. எல்லாவற்றையும் வெட்டினேன். ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று வரிசை பிரித்துப் பெட்டியில் அடுக்கினேன். யாரும் சொல்லாமலே ஒரு நல்ல காரியம் செய்த மாதிரி இருந்தது. அந்த மத்தியானம் எனக்கிருந்த சந்தோஷத்தை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் காலை டீ நேரத்தில் மெர்ச்சன்டைசர் பெண் எல்லோருக்கும் விளக்கிக்கொண்டிருந்தாள். அந்தக் கொக்கியில் புழு கோர்ப்பதில்லையாம். இறகும் முடியும்தான் பூச்சியின் ரெக்கை, கால் எல்லாம். மீன் அதை நிஜப் பூச்சி என்று ஏமாந்து கவ்வுமாம். அந்த ஆற்றுக்கென்றே, பனி பெய்யும் மாதமெல்லாம் வீட்டில் உட்கார்ந்து அவரே ஒவ்வொன்றாகக் கட்டினாராம்.

டம்ளரை வைத்துவிட்டுச் சேம்பிள் ரூமுக்குப் போனேன். நேற்று வெட்டியது மேசைக்கடியில் கிடந்தது. கூட்டி அள்ளி, என் டிபன் பாக்ஸின் மேல் அடுக்கில் போட்டு மூடினேன். சாயங்காலம் நொய்யல் பாலத்தில் நின்று அதைக் கொட்டினேன். தெரியாமல் வெட்டியதற்கு என்னை யாராவது மன்னிக்கலாம். அள்ளி மறைத்தது தெரிந்து செய்தது. அன்றைக்குப் பகலில் மேனேஜர் என் மேசையை இரண்டு தடவை தாண்டிப் போனார். சொல்ல நேரம் இருந்தது.

அடுத்த நாள் சாயங்காலம், விடிந்தால் பயணம் என்கிற நிலையில், எந்தக் கொக்கியை முதலில் போடுவது என்று முதலாளிக்குக் காட்ட வெள்ளைக்காரர் எங்கள் செக்‌ஷனிலேயே பெட்டியைத் திறந்தார். ஒன்றை எடுத்தார். இன்னொன்றை எடுத்தார். சத்தம் போடுவார் என்று நினைத்தேன், போடவில்லை. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மெர்ச்சன்டைசர் பெண்ணிடம் மெதுவாக ஏதோ சொன்னார். இனி போய்ப் பிரயோசனம் இல்லை என்கிறார் என்று அவள் முதலாளியிடம் சொன்னாள்.

மேனேஜர் எங்கள் பக்கம் திரும்பினார். "சேம்பிள் ரூம் சாவி யாருகிட்டீங்க இருந்துச்சு?"

சூப்பர்வைசர் பெட்டியிலிருந்து ஒரு கொக்கியை எடுத்து, காலரைப் பார்ப்பது போல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் கையிலிருந்த பனியனைப் பார்த்தேன்.

"என்கிட்டதாங்க சார் இருந்துச்சு" என்றாள். "நான்தான் சுத்தம் பண்ணேன். தெரியாமச் செஞ்சுட்டேன்."

பயணம் நின்றது. ஆர்டர் என்னவோ வந்துவிட்டது. ஆனால் முதலாளிக்கு மூன்று மாத ஆசை போனது ஆறவில்லை. அவளைச் சூப்பர்வைசர் வேலையிலிருந்து எடுத்து, பிசிறு வெட்ட எங்கள் மேசையில் உட்கார வைத்தார்கள், எனக்கு நேர் எதிரே. ரூம் புது சூப்பர்வைசருக்குப் போனது. அவளுடைய மகள் ஹாஸ்டல் மாடிப்படியில், லைட்டுக்குக் கீழே உட்கார்ந்து படிப்பதாகக் கேள்விப்பட்டேன்.

என் வீட்டில் ஒரு ரூம் சும்மா கிடந்தது. மகன் கல்யாணமாகிச் சோமனூர் போனபின் அதில் வெங்காயம்தான் கொட்டி வைத்திருந்தேன். பிள்ளையைக் கூட்டி வா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பாளே என்று பயந்தேன். அவள் கேட்டிருக்க மாட்டாள் என்பதும் எனக்குத் தெரியும்.

ஒரு நாள் துணிந்து முதலாளி ரூம் வாசலில் போய் நின்றேன். அவர் நிமிர்ந்து, "என்ன வேணுமுங்கம்மா, சொல்லுங்க" என்று மரியாதையாகத்தான் கேட்டார். "டம்ளர் எடுத்துட்டுப் போலாம்னு வந்தனுங்க" என்றேன். மேசையிலிருந்த காலி டம்ளரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நாலு மாதம் எதிரெதிரே உட்கார்ந்து வெட்டினோம். சாப்பிடும்போது அவள் குழம்பில் எனக்கு ஊற்றுவாள். நான் வாங்கிக்கொண்டேன்.

பரீட்சை வந்தது, ரிசல்ட்டும் வந்தது. மகள் பாஸ். நினைத்திருந்த மார்க் வரவில்லை, நர்ஸ் படிப்புக்கு இடம் கிடைக்கவில்லை. அனுப்பர்பாளையத்தில் வேறு கம்பெனியில் இரண்டு பேருக்கும் வேலை கிடைத்து அவர்கள் கிளம்பினார்கள். பஸ் ஸ்டாப் வரை நானும் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு போனேன். மகள் பெட்டியோடு கொஞ்சம் முன்னால் நின்றது.

"அன்னைக்கே தெரியும்க்கா, அந்தச் சாஞ்ச வெட்டு" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "மொதலாளிகிட்ட நீங்க சொல்லணும்னு நான் நெனைக்கல. சொன்னா இந்த வயசுல உங்கள அனுப்பிருவாக. எதுத்தாப்லதான உக்காந்திருந்தேன். என்கிட்டயாவது சொல்லிருக்கலாம்ல."

நான்தான் கண்ணு, என்னை மன்னித்துவிடு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"என்ற ஊட்டுல ஒரு ரூம் சும்மாத்தான் கெடந்துச்சு கண்ணு" என்று வந்தது.

முன்னால் நின்ற மகள் திரும்பியது. "எந்த ரூம்மா?" என்று அம்மாவைக் கேட்டது.

அவள் என் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டாள். பஸ் வந்தது.