குரலுக்காக முதலில் கரண்ட் வைத்தோம்

எங்கள் அண்ணனின் காரியத்துக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் அவருடைய தங்கை எழுதுகிறேன். நல்ல வார்த்தைகளாகத் தேடி எழுத எனக்குத் தெம்பில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

அண்ணன் பிறந்தது ஐயம்பேட்டையில், எங்கள் தாய்மாமா வீட்டில். வளர்ந்ததும் பட்டு நெய்ததும் காஞ்சிபுரத்தில். அப்பா சீக்கிரமே காலமானதால், பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுத் தறியில் உட்கார்ந்தார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக் கொடுத்ததும் அவர்தான். முன்கோபி, ஆனால் மனதில் எதையும் வைத்துக்கொள்ள மாட்டார். எங்கள் தெரு அம்மன் புறப்பாட்டில் பல்லக்குக்கு முன்னே நின்று, "இடது தோளு தாழ்த்துப்பா, நிதானம், நிதானம்" என்று தூக்குகிறவர்களுக்குக் குரல் கொடுப்பவர் அவரே. மேளச் சத்தத்தையும் மீறிக் கேட்கும்.

அந்தத் தொண்டையில்தான் புற்று வந்தது. புகையோ புகையிலையோ தொடாத மனிதருக்கு.

சென்னை மருத்துவர் இரண்டு வழி சொன்னார். உடனே அறுத்தால் குரல்வளை முழுதும் போய்விடும். முதலில் கதிர்வீச்சு கொடுத்து, அதாவது நாம் சொல்கிற கரண்ட் வைத்து, கட்டியைச் சுருக்கினால், பிறகு குறைவாக அறுக்கலாம், பேச்சு கொஞ்சம் மிஞ்சக்கூடும். ஆனால் கதிர்பட்ட சதையில் காயம் ஆறுவது கடினம் என்பதையும் அவர் மறைக்கவில்லை. அண்ணன் அண்ணியின் முகத்தைப் பார்த்தார். "பேச்சு போச்சுன்னா இவரு எப்படிமா இருப்பாரு? முதல்ல கரண்டே வச்சிப் பார்க்கலாம்" என்று அண்ணி என்னிடம் சொன்னார். அண்ணனும் தலையசைத்தார்.

கழுத்து கறுத்து உரிந்தது. எச்சில் விழுங்கக்கூட அழுதார். ஆனாலும் கட்டி சுருங்கியது, கம்மிப்போன குரல் திரும்பியது. அறுவைக்கு நாள் குறித்தார்கள். அதற்குள் ஆடித் திருவிழா வந்துவிட்டது. யாரிடமும் கேட்காமல் அண்ணன் கையில் மஞ்சள் காப்பு கட்டிக்கொண்டு வந்து நின்றார். காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் தெரு வழக்கம். காலில் விழுந்து கெஞ்சினோம். "அம்மன்தான் குரலைத் திருப்பிக் குடுத்துகீறா. காப்பு கட்டிக்கினு எப்படிமா போறது? திருவிழா முடியட்டும், வந்து படுத்துக்கிறேன்" என்றார்.

நாள் தள்ளி அறுத்தபோது கட்டி மறுபடி வளர்ந்திருந்தது. குரல்வளையை முழுதும் எடுக்க வேண்டியதாயிற்று. கதிர்பட்ட சதை இறுகிக் கிடந்ததால் தையல் ஒட்டவில்லை. கழுத்தில் ஓட்டை விழுந்து எச்சில் வடிந்தது. ஆசைப்பட்டார் என்று அண்ணி ஊட்டிய ஒரு கரண்டி ரசம், கட்டுத்துணியை நனைத்துக்கொண்டு வெளியே வந்தது. அண்ணி கரண்டியைப் பிடித்தபடியே நின்றார். அதை நான் பார்த்திருக்க வேண்டாம், கடவுளே. மறுபடி தைத்தார்கள், வேறு இடத்துச் சதையை எடுத்து வைத்தார்கள். எதுவும் பிடிக்கவில்லை. கடைசியில் கழுத்து ரத்தக்குழாய் உடைந்து, அண்ணன் எங்களை விட்டுப் போய்விட்டார்.

சொன்ன நாளில் வந்திருந்தால் ஆறியிருக்குமா என்று மருத்துவரைக் கேட்டேன். "ஆறியிருக்கலாம்மா, ஆறாமலும் போயிருக்கலாம். முதல்லயே அறுத்திருந்தாலும் பிழைச்சிருப்பாருன்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார். இதற்குமேல் யாரிடம் போய்க் கேட்பது?

ரத்தம் கொடுத்தவர்களுக்கும், முகம் சுளிக்காமல் கட்டு மாற்றிய செவிலியர்களுக்கும், தறியில் பாதியில் நின்ற சேலையை நெய்து முடித்த பக்கத்து வீட்டாருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

துக்கம் கேட்க வந்த சிலர், "நீதானே கரண்ட் வைக்கச் சொன்னே" என்று அண்ணியிடமே கேட்டுவிட்டுப் போனீர்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். அன்றிலிருந்து அண்ணி சோற்றைத் தொடுவதில்லை. தட்டை வைத்தால், "எனக்கு எறங்கலம்மா" என்று நகர்த்திவிடுகிறார். இன்று இலை போடும்போது, அப்படிக் கேட்டவர்களே அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவரைச் சாப்பிட வையுங்கள்.

அண்ணி, நீங்களும் இதைப் படிப்பீர்கள். அவர் பேச வேண்டும் என்று ஆசைப்பட்டது குற்றமில்லை. ஒரு வாய் சாப்பிடுங்கள். உங்களையும் பறிகொடுக்க என்னால் முடியாது.