பின்னாசனம் இருந்த இடத்தில் ஒரு விதைப்பெட்டி

கல்லூரிப் படிப்பை முடித்த ஒருவன் மரவள்ளிக் குச்சிகளுக்கும் கீரை விதைகளுக்கும் காவலனாக அமர்ந்ததைத் தாழ்வாகப் பேசியவர்கள் உண்டு. ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரின் பெயரே மாறியிருந்த காலம் அது. அரிசி அருகிப்போய்விட்டது; வெற்று நிலம் எங்கிருந்தாலும் பயிர் செய்யுங்கள் என்பது உத்தரவு. நான் பயிர்ச்செய்கை அலுவலகம் ஒன்றில் மேற்பார்வையாளனாக இருந்தேன். சிராங்கூன் சாலைக்கு அருகிலிருந்த கிடங்கிலிருந்து பொங்கோல் வரையிலான தோட்டங்களுக்கு விதையும் நாற்றும் கொண்டு சேர்ப்பது என் பொறுப்பு. அதை இன்றளவும் கௌரவமான பணியாகவே கருதுகிறேன்.

பிரிட்டிஷ் படை விட்டுச் சென்ற ஒரு திறந்த வண்டி எங்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. ஜீப் என்ற சொல் எங்கள் காதுக்கு எட்டியது பிற்பாடுதான். எங்கள் ஓட்டுநர் அதைச் ‘சேத்து வண்டி’ என்பார். சேறு, மேடு, ஓடை எதுவானாலும் அது தயங்காமல் ஏறி இறங்கும். முன்னால் இருவருக்கு இடம். பின்னால் ஒரு மெத்தை ஆசனம். விதைச் சாக்குகளை அந்த ஆசனத்தில்தான் அடுக்கினோம். மழையில் அவை நனைந்து முளைவிட்டன. விதைக்கடலையோ தோட்டம் போய்ச் சேருமுன்பே பசித்தவர்களின் வயிற்றுக்குள் போய்விட்டது. ஆகவே பின்னாசனத்தைக் கழற்றிவிட்டுப் பூட்டுள்ள பெட்டி ஒன்றைப் பொருத்தும்படி எங்கள் ஜப்பானிய மேலதிகாரி பணித்தார். வரைபடம் தயாரிக்கும் வேலை என்னிடம் வந்தது.

அந்தப் பெட்டியைப் பற்றி நான் அடக்கமாகப் பேச முடியாது. ஆசனத்தைப் பிடித்திருந்த திருகாணித் துளைகளிலேயே பெட்டியும் பொருந்தும்படி அளவெடுத்தேன். தரையில் புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை. எலி நுழையாதபடி உட்புறம் தகரம் அடித்தோம். மழைநீர் தங்காமல் வழிய வேண்டும், போகிற வழியில் எவரும் ஏறி உட்காரவும் கூடாது என்பதற்காக மூடியைச் சரிவாக அமைத்தேன்.

ஓட்டுநர் மூடியைத் தட்டிப் பார்த்தார். “சார், ஒரு ஈ வந்து உக்காந்தாக்கூட வழுக்கி விழுந்துரும் லா.”

“அதுதான் நோக்கம்,” என்றேன்.

அந்நாள்களில் என் மனத்தில் வேறொரு விஷயமும் இருந்தது. கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றும் ஒரு பெண்ணைக் கண்டிருந்தேன். எங்களைப் போலவே யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். பசித்த பிள்ளைகளை அவள் ஓர் அதட்டலும் இல்லாமல் வரிசையில் நிற்க வைத்த விதம் எனக்குப் பிடித்துப்போயிற்று. அவள் இசைந்தால் மணம் முடிப்பது, இல்லையேல் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை என்று தீர்மானித்துக்கொண்டு என் தாய்மாமனிடம் சொன்னேன். சாதகம் பொருந்திற்று. பெண் பார்க்கும் நாளும் குறிக்கப்பட்டது.

நல்ல நேரத்தில்தான் சிக்கல். ஊர்க் கடிகாரங்கள் யாவும் சூரியனை முந்திக்கொண்டு தோக்கியோ நேரத்தில் ஓடின. மாமா சூரியனை நம்பிக் கணித்த நேரமோ என் வேலை நேரத்தின் நடுவே வந்து விழுந்தது. பெண் வீடு நாங்கள் போகும் வழியில், சிராங்கூன் சாலையின் பக்கத்துத் தெருவொன்றில் இருந்தது. மேலதிகாரியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு அனுமதி தந்தார்.

அன்று காலை வெள்ளைக் காற்சட்டையும் கோட்டும் கழுத்துப் பட்டியும் அணிந்து வண்டியருகே வந்தேன். மாமா அதற்குள் முன்னாசனத்தில் ஏறி, தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தார்.

“மாமா, நான் எங்கே இருக்கிறது?”

“பின்னுக்கு ஏறு. நான் என்ன சாக்கு மூட்டையோ பின்னுக்கு இருக்கிறதுக்கு?”

மூத்தவரை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அமரும் வளர்ப்பல்ல என்னுடையது. பெட்டியின்மீது ஏறினேன். காற்சட்டையில் புழுதி படியாதிருக்க வெற்றுச் சாக்கொன்றை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். தலையில் துவாயைக் கட்டிக்கொண்டேன். இரண்டு பக்கமும் நடுவதற்கான சர்க்கரைவள்ளிக் கொடிக் கட்டுகள். நான் வரைந்த சரிவு என்னை விடாமல் கீழே தள்ளியது. கால்களை ஊன்றி எதிர்த்துத் தள்ளிக்கொண்டே போனேன்.

“விழுந்தா ஒரு சத்தம் குடுங்க சார், நிறுத்துறேன்,” என்றார் ஓட்டுநர், திரும்பிப் பாராமலே.

தெருமுனை திரும்பியதும் மாடிச் சன்னல் ஒன்றின் திரை அசைந்ததைக் கவனித்தேன். வண்டி நின்றது. சாக்கையும் துவாயையும் வண்டியின் மறைவில் களைந்து, தலையை வாரிக்கொண்டு, மாமாவுக்குப் பின்னால் படியேறினேன்.

பெண்ணின் தந்தை முறைப்படி வரவேற்றார். யுத்தம் பற்றிப் பேசினோம். பிறகு யுத்தத்தைப் பற்றிப் பேசுவது நல்லதல்ல என்று மரவள்ளியைப் பற்றிப் பேசினோம். பெண் கோப்பி கொண்டு வரவேண்டிய நேரம் வந்தது. கோப்பி வரவில்லை. பேச்சும் தீர்ந்தது. கடைசியில் பெண்ணின் சின்னம்மா திரையை விலக்கிக்கொண்டு வந்தார்.

“பிள்ளை வெளியில வரமாட்டாளாம்.”

“ஏனாம்?” என்றார் தந்தை.

“மாப்பிள்ளையின்ர தலையில ஒரு மயிர்கூட இல்லையாம். உங்களை விட வயசு கூடவாம்.”

எல்லாரும் மாமாவைப் பார்த்தோம். மாமா மெதுவாகத் தொப்பியை எடுத்து, வீட்டுக்குள்ளேயே தலையில் வைத்துக்கொண்டார்.

“அது மாப்பிள்ளையின்ர மாமனெல்லோ! மாப்பிள்ளை இவர்!” என்றார் தந்தை.

சின்னம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப முன்னுக்கு இருந்து வந்தவர்?”

“மாமா.”

“பெட்டிக்கு மேல சாக்கைச் சுத்திக்கொண்டு இருந்த கூலிக்காரப் பொடியன்?”

“நான்,” என்றேன்.

முன்னாசனத்தில் வருபவரே உத்தியோகத்தர் என்பது எங்கள் ஆட்களிடையே சந்தேகத்துக்கு இடமில்லாத விஷயம். அவள் கணக்கில் பிழை சொல்ல முடியாது. சின்னம்மா உள்ளே போய், இன்னும் கலக்கத்துடன் திரும்பினார்.

“நம்பமாட்டாளாம். இளந்தாரியைக் காட்டிப்போட்டுக் கிழவனுக்குக் கட்டிவைக்கப் பாக்கிறியளாம். உண்மையெண்டால் இவர் திரும்பப் போய்ச் சாக்கோட அந்தப் பெட்டியில ஏறி இருக்கட்டுமாம். தான் சன்னலால பாக்கிறாளாம்.”

தந்தைக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன விளையாட்டு இது! தம்பி, நீங்கள் குறை நினையாதேங்கோ.”

மறுத்திருந்தால் எவரும் என்னைக் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். சம்பந்தமும் அத்துடன் கௌரவமாக முடிந்திருக்கும். கீழே தெருவில் பால்காரர்களும் கடைக்காரர்களும் நின்றார்கள். பலருக்கு என் முகம் தெரியும். கஞ்சி வரிசை நினைவுக்கு வந்தது. எழுந்து படியிறங்கினேன்.

“என்னா சார், வேணாம்னுட்டாங்களா? பொங்கோலுக்குக் கெளம்பலாமா?” என்றார் ஓட்டுநர்.

“பேசாமல் இரும்,” என்று சொல்லிவிட்டுச் சாக்கைச் சுற்றினேன், துவாயைக் கட்டினேன், ஏறி அமர்ந்தேன். புகைப்படத்துக்கு அமர்வதுபோல முதுகை நிமிர்த்திக்கொண்டேன். பால்காரர் ஒருவர் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தார். பிறகு தெருவே நின்று பார்த்தது. திரை விலகியது.

“அந்தத் துவாயையும் எடுக்கச் சொல்லுங்கோ,” என்றது மேலிருந்து ஒரு குரல்.

எடுத்தேன்.

“சொந்த முடிதான் அக்கா! நான் காரண்டி லா!” என்று ஓட்டுநர் கத்தினார். தெரு சிரித்தது. பட்டினிக் காலத்தில் அவ்வளவு பேர் ஒன்றாகச் சிரித்து நான் கேட்டதில்லை. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டதைப் பதிவு செய்வதில் தடையில்லை.

“மேல வரச் சொல்லுங்கோ. கோப்பி ஆறப்போகுது,” என்றது அதே குரல்.

வறுத்த சோளத்தை இடித்துப் போட்ட கோப்பி அது. அவளே கொண்டு வந்தாள். முறைப்படி முதல் கோப்பையை மாமாவிடம் நீட்டினாள். தொப்பிக்குக் கீழே அவர் முகத்தைப் பார்க்கத் துணியாமல் தலைகுனிந்து நின்றாள்.

“எனக்குப் பிறகு தா பிள்ளை,” என்றார் மாமா. “முதல்ல பெட்டியில இருந்தவருக்குக் குடு.”

நாற்றுகள் அன்று பொங்கோலுக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்தன. மேலதிகாரி காரணம் கேட்கவில்லை. கேட்டிருந்தால், திருமணம் நிச்சயமாயிற்று என்று சொல்ல ஆயத்தமாகவே இருந்தேன்.