தீப்பெட்டி வாங்காத பங்குனி

ஒரு பங்குனி மாதம் முழுக்க, ஒரே ஒரு சாயங்காலம் தவிர, எங்கள் வீட்டிலிருந்து யாரும் கடைக்குப் போகவில்லை. அடியோடு காசில்லாமல் போனதால் அல்ல. போகக் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டாள், அவ்வளவுதான்.

நெல் விலை விழுந்து கிடந்த காலம் அது. சின்னமனூருக்கு வண்டி கட்டிக்கொண்டு போகும் அப்பா முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரும்புவார். அக்கா ராயப்பன்பட்டியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பெரிய மனுஷியான பிறகும் பள்ளிக்கூடம் போன பெண் எங்கள் தெருவில் அவள் ஒருத்திதான். அதற்காக ஊர் வாயில் நாங்கள் விழாத நாளில்லை. ஒரு மத்தியானம் சோற்றைப் பிசைந்தபடியே அப்பா, கோடை லீவுக்கு வருகிறவளை இனித் திருப்பி அனுப்புவதற்கில்லை, செலவு தாங்கவில்லை என்றார்.

அம்மா கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே விட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"செலவத்தான நிறுத்தணும்? நான் நிறுத்துறேன். அவ படிப்ப நிறுத்தாதீக."

"அதையும்தான் பாப்பமே" என்று சிரித்தார் அப்பா. அம்மாவோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்தியவர் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது.

மறுநாளே காப்பித்தூள் டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். அதற்குப் பதில் சோளத்தைக் கருக வறுத்து இடித்துக் கொதிக்க வைத்த ஒரு கறுப்புத் தண்ணீர் வந்தது. அப்பா கண்ணை மூடிக்கொண்டு அதை ஒரே மடக்கில் விழுங்குவார். சோப்பு போய்ச் சீயக்காய் வந்தது. சீமெண்ணெய் போய் விளக்கெண்ணெய் வந்தது. வளையல்காரர் தெருமுனையில் குரல் கொடுத்ததுமே எங்கள் கதவு சாத்திக்கொள்ளும். உப்புக்காரருக்கு நெல் அளந்து போட்டதோடு சரி. என் கஷ்டம் தனி. கடைக்குப் போனால்தானே கொசுறாகப் பொரிகடலை கிடைக்கும்? அக்கா படிக்க நான் ஏன் பட்டினி கிடக்க வேண்டும் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

கடைசியில் தீப்பெட்டியும் நின்றது. அதில் என்னத்தை மிச்சம் பிடிக்கப் போகிறாய் என்று கேட்டவர்களுக்கு அம்மா சொன்ன பதில் இது: "அதுக்குன்னு கடைக்குப் போனா கூட நாலு சாமான் வந்துரும்." அடுப்புத் தணலை வரட்டித் துண்டோடு சாம்பலில் புதைத்து வைப்பாள். வேண்டும்போது கிளறி ஊதினால் பற்றிக்கொள்ளும்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அம்மா வயலிலிருந்து வந்து, தலைக்குக் குளித்து, விளக்கேற்றப் போனால் அடுப்பு சில்லென்று கிடந்தது. அப்பாவுக்கு யாரோ ஒரு பீடி கொடுத்திருக்கிறார்கள். சாம்பலைத் தோண்டிப் பற்றவைத்தவர் மூடாமலே போய்விட்டார்.

"ரெண்டு இழுப்புத்தான் இழுத்தேன்" என்று முணுமுணுத்தவர், துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கடைப்பக்கம் நடந்தார். அம்மா அவரைத் தடுக்கவில்லை. அவர் வருவதற்குள் நெருப்பு வந்தாக வேண்டும் என்று நினைத்தவள்போல என் கையில் சிரட்டையைக் கொடுத்துப் பக்கத்து வீட்டு அத்தையிடம் விரட்டினாள்.

அத்தை பதறிப்போனாள். "வெள்ளிக்கெழம வெளக்கு வச்ச பெறகு நெருப்பக் குடுப்பாகளா ஆத்தா? வீட்டுச் சீதேவியே போயிருவாளே! விடியட்டும், வா."

அடுத்தடுத்த வீடுகளிலும் அதே பேச்சு. வெறும் சிரட்டையோடு திரும்பினேன். அம்மா ஒரு மண்சட்டியை எடுத்துக்கொண்டாள்.

"கோயில்ல இல்லைன்னு சொல்ல முடியாதுல்ல? வாடி."

தெருக்கோடியில் இருந்த மாரியம்மன் கோயில் பூசாரி, சாம்பிராணி போட வைத்திருந்த கங்குகளில் பாதியைச் சட்டியில் தள்ளினார். இரண்டடி நடப்பதற்குள் சட்டி கையைச் சுட்டது. அம்மா கோயில் வேம்பில் நாலைந்து கொத்து ஒடித்து, சட்டியைச் சுற்றி வைத்துப் பிடித்துக்கொண்டாள். அவசரமாக நடந்ததில் காற்றுப்பட்டுக் கங்கு தகதகவென்று எரிந்தது.

வீரபாண்டித் திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. தீச்சட்டி எடுக்க நேர்ந்துகொண்டவர்கள் ஊரில் நிறையப் பேர். ஈரக் கூந்தலும் வெறுங்காலும் வேப்பிலையும் நெருப்புமாக ஒரு பெண் கோயிலிலிருந்து வந்தால் தெரு என்ன நினைக்கும்? நெருப்பு தர மாட்டேன் என்ற அதே அத்தை குடத்தோடு ஓடிவந்து அம்மாவின் காலில் தண்ணீரை ஊற்றி விழுந்து கும்பிட்டாள். வீட்டுக்கு வீடு குடம் வந்தது. குலவை எழும்பியது. எனக்குச் சிரிப்பு முட்டியது. அம்மா திகைத்துப்போய் நின்றாள்.

"என்ன நேத்திக்கடன் மதினி? ஒரு வார்த்த சொல்லலையே நீக?" என்று கேட்டாள் அத்தை.

எதிரே அப்பா வந்துகொண்டிருந்தார். கையில் புதுத் தீப்பெட்டி. கூட்டத்தைப் பார்த்து அங்கேயே நின்றுவிட்டார். அம்மா அவரைப் பார்த்தாள். பார்த்தபடியே, தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"மூத்தவ நல்லபடியா படிச்சு முடிக்கணும்னு ஆத்தாகிட்ட கேட்டிருக்கேன்."

குலவை இன்னும் பெரிதாக எழும்பியது. அப்பா தீப்பெட்டியை மடியில் செருகிவிட்டு, தோள் துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு கைகூப்பினார். அதற்குமேல் அம்மா அவசரப்படவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நின்று காலை நனைத்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தாள்.

கங்குகளை அடுப்பில் கொட்டி ஊதிக்கொண்டிருந்தவளிடம் கேட்டேன். "அடுப்புக்குத்தானம்மா நெருப்பு எடுத்தோம்? எதுக்குப் பொய் சொன்ன?"

"பொய்யி இல்லடி. நடக்கையிலதான் நேந்தேன்."

எனக்குக் கோபமும் பயமுமாக இருந்தது. அம்மன் பெயரைச் சொல்லி அம்மா புளுகிவிட்டாள், யாருக்காவது அம்மை போடப்போகிறது என்று கொஞ்ச நாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். யாருக்கும் ஒன்றும் வரவில்லை. பள்ளிக்கூடம் திறந்தபோது அப்பாவே வண்டி பூட்டி அக்காவை ராயப்பன்பட்டியில் கொண்டுபோய் விட்டார். நிறுத்தும் பேச்சை அவர் பிறகு எடுக்கவே இல்லை.

நாங்கள் குடிக்காத காப்பியும் நான் தின்னாத பொரிகடலையும் சேர்ந்துதான் அக்காவைப் படிக்க வைத்தன என்று வெகுகாலம் பெருமையாக நம்பிக்கொண்டிருந்தேன். அந்தச் சாயங்காலம் அப்பா இனி மறுக்கவே முடியாதபடி அம்மா ஊரையும் தெய்வத்தையும் சாட்சிக்கு நிறுத்திவிட்டாள் என்பது, அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்ற எனக்குத் தெரியவில்லை.