காப்பிக் களத்தில் விழுந்த நிழல்

எங்கள் போடி வீட்டு வாசலில் நின்ற பனையை என் கணவர் வெட்டியது எண்பதுகளின் நடுவில், ஒரு வைகாசி மாதம். இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு பற்றி எரிகிறது.

நுங்குப் பனை இல்லை. பங்களா வாசல்களில் அழகுக்கு வைக்கிற பனை. கல்யாணமான புதிதில், குரங்கணிக்கு மேலே ஓர் எஸ்டேட் பங்களாவுக்கு விருந்துக்குப் போனபோது, மரத்தடியில் தானாக முளைத்திருந்த கன்றைப் பெயர்த்துப் பால் பவுடர் டப்பாவில் வைத்து, ஜீப்பில் மடியிலேயே கொண்டுவந்தேன். பீரோ, ஊஞ்சல், மாமியாரின் அதிகாரம் என்று அந்த வீட்டில் மற்றதெல்லாம் எனக்கு முன்பே இருந்தவை. பனை மட்டும்தான் நான் கொண்டுவந்தது.

அது லேசில் வளரவில்லை. முதலில் வெகுகாலம் புல் மாதிரியே நின்றது. செம்மண்ணும் மக்கிய சாணமும் போட்டேன். அரிசி கழுவிய தண்ணீர் முழுக்க அதற்குத்தான். ஆடிக் காற்று மலைக் கணவாய் வழியாக இறங்கினால் ஓலை நார்நாராகக் கிழிந்துவிடும். சாக்கைச் சுற்றிக் கட்டுவேன். "பிள்ளைக்குக் குல்லா போட்டாச்சா?" என்று நாத்தனார் கேலி செய்வாள். செய்யட்டும். பழுத்த மட்டையைக்கூட நான் இழுத்ததில்லை, தானாகக் கழன்று விழும்வரை காத்திருப்பேன். பிறகு பிடித்துக்கொண்டது. சாம்பல் நிற அடிமரம், அதன் மேல் வழுவழுவென்று பச்சைத் தண்டு, அதற்கும் மேலே ஓலைகள். வழி கேட்பவர்களுக்கு "அந்தப் பனை மர வீடு" என்று தெருவே சொல்கிற அளவுக்கு வளர்ந்தது.

அதுதான் வினை. நிழலும் சேர்ந்து வளர்ந்தது. வீட்டுக்கு முன்னால் சிமெண்ட் களத்தில் தை மாதம் காப்பிக் கொட்டை காயப் போடுவோம். களத்தின் ஓரத்தில் நிழல் விழுகிறது என்று அவர் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அவர் மாதிரி மலையில் காப்பியோடு ஏலமும் போடுகிற ஏலக்காட்டுக்காரர்கள் மழைக்கு முன்னால் நிழல் மரங்களின் கிளைகளைக் கழித்து வெளிச்சம் விடுவார்கள். கழித்த மரம் துளிர்த்துவிடும். வருடா வருடம் அதையே பார்க்கிறவர்களுக்கு, வெட்டினால் துளிர்க்காத மரமும் உண்டு என்பது மறந்துபோகும். நான் சிலமலைத் தென்னந்தோப்பில் வளர்ந்தவள். தலை போனால் தென்னை போயிற்று என்பது எங்கள் ஊரில் நண்டு சிண்டுக்கும் தெரியும்.

ஒரு கல்யாணத்துக்காக நான் பிறந்த வீட்டுக்குப் போயிருந்த அன்று, மலையிலிருந்து மரம் கழிக்கும் ஆளைக் கையோடு கூட்டிவந்து, குருத்து இருக்கிற பச்சைத் தண்டோடு சேர்த்து அறுத்துப் போட்டுவிட்டார். திரும்பி வந்தால் வாசலில் மொட்டைக் கம்பம் நிற்கிறது.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

"கழிச்சு விட்டேன். மழை பேயட்டும், தன்னால துளுக்கும்."

"தென்னையைத் தலையோட வெட்டுனா துளுக்குதா?"

"தென்னை காய்க்கிற மரம். இது சும்மா நிக்கிறதுதானே. போயி சோலியைப் பாரு."

மழை பெய்தது. கம்பத்தின் தலையில் தண்ணீர் இறங்கி அழுகியது. தூரோடு எடுத்துவிடலாம் என்று ஆளைக் கூட்டிவந்தார். நான் குறுக்கே நின்றேன். "துளுக்கும்னீங்கல்ல, துளுக்கட்டும்." தப்பு செய்துவிட்டேன் என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அந்த வார்த்தை அவர் வாயில் வரவே இல்லை. வருடங்கள் போயின. ஓர் ஆடிக் காற்றில் கம்பம் தானே முறிந்து களத்தின் குறுக்கே விழுந்தது.

அதை ஓரமாகப் புரட்டிவிட்டுக் கேட்டார், "இன்னுமா கோவம்?"

"வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ விட்டிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான் கேக்கலை."

மலைப் பழக்கத்தில் தெரியாமல் செய்துவிட்டார் என்று அதுவரை அவருக்காக நானே எனக்குச் சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். அதுவும் போயிற்று. நான் இல்லாத நாளாகப் பார்த்துத்தான் வெட்டியிருக்கிறார்.

மறுவாரம் அவர் ஜீப்பில் மலையேறியதும் கொத்தனாரை வரச் சொன்னேன். காப்பிக் களத்தின் நட்டநடுவில் சிமெண்ட்டைக் கொத்த வைத்து, அதே ஜாதிக் கன்று ஒன்றை நட்டேன். அவரைக் கேட்கவில்லை.