புளி போட்டுத் தேய்த்த ஹெலிகாப்டர்

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் வீட்டில் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்க ஆரம்பித்தால் நான் சட்டையை மாட்டிக்கொண்டு தெருவுக்குப் போய்விடுவேன். வேலை செய்யச் சோம்பல் என்று மனைவி நினைக்கிறாள். அதுவும் உண்மைதான். இந்த வருஷம் மழை, எங்கும் நழுவ முடியவில்லை. ஈரப் புளியும் செங்கல் தூளும் கலந்த வாசனை வந்ததும் கோதண்டண்ணன் கண்முன் வந்து நின்றுவிட்டார்.

ரேணிகுண்டா பக்கம் ஒரு தகரக் கொட்டகையில் எனக்கு முதல் வேலை. ராணுவம் கழித்துப்போட்ட ஒரு ஹெலிகாப்டரை எங்கள் முதலாளி ஏலத்தில் எடுத்திருந்தார். திருப்பதிக்கு வரும் வசதியான பக்தர்களை அதில் அழைத்துவரத் திட்டம். அதற்கு, பொதுமக்கள் ஏறலாம் என்று அரசாங்கச் சான்று வேண்டும். ஊரில் நான் ஹெலிகாப்டர் இன்ஜினியர் என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். செய்ததெல்லாம் பச்சை பெயின்ட்டைச் சுரண்டியதுதான். பாதி பெயின்ட் என் தலைமுடியில் இருந்தது.

கோதண்டண்ணன் எங்கள் தலைமை மெக்கானிக். பிச்சாட்டூர் பக்கத்துக் கிராமம். ராணுவத்தில் இதே மிஷினைக் கவனித்துவிட்டு ஓய்வுபெற்று வந்தவர். சான்று கிடைத்ததும் அதில் ஏறிப்போய்த் தன் ஊர் கங்கம்மா கோயில் திருவிழாவில், அந்த ஜாத்திரையில் பூ தூவ வேண்டும், அதுதான் அவர் ஆசை. முதலாளியும் தலையாட்டிவிட்டார். அவ்வளவுதான், அண்ணன் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

"மேலேர்ந்து பூ கொட்றேன், அண்ணாந்து பாத்துக்கினே இருங்க."

அதிலிருந்து அவரைப் பார்த்தவர்கள் சாப்பிட்டாயா என்று கேட்பதை விட்டுவிட்டார்கள். "இன்னா கோதண்டா, உன் ஹெலிகாப்டர் எப்போ எகிரும்?" என்றுதான் கேட்பார்கள். அண்ணன் எரிந்து விழுவார்.

இந்தச் சான்று விவகாரம் இருக்கிறதே, மிஷின் நன்றாக ஓடினால் மட்டும் போதாது. ஒவ்வொரு பாகமும் தான் யார் என்று சொல்ல வேண்டும். அதற்காக ஒரு சின்னத் தகடு, அதில் மெல்லிசாகப் பொறித்த எண். அதை வைத்துத்தான் இன்னும் எவ்வளவு உழைக்கும் என்று கணக்குப் பார்ப்பார்கள்.

அந்த வருஷம் ஆயுத பூஜை விடுமுறை முடிந்ததும் சான்று கொடுக்கும் அதிகாரி வருவதாக இருந்தது. அண்ணன் வீட்டிலிருந்து புளியும் செங்கல் தூளும் கொண்டுவந்து ஸ்பேனர்களைத் தேய்த்தார். அந்த வேகத்திலேயே நிமிர்ந்தவர் கண்ணில் கியர்பாக்ஸ் தகடு பட்டது. ஏற்கெனவே மங்கிப்போன தகடு.

"கல்யாணத்துக்குப் போற மூஞ்சியாப்பா இது? அழுக்கா கீது பாரு."

எவ்வளவு பெரிய மெக்கானிக்! பூஜைச் சாமான் தேய்க்கிற கைக்கு எது விளக்கு, எது தகடு என்று தெரியவில்லை. தகடு தகதகவென்று ஆனது. சந்தனம், குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரிகடலை தின்றோம்.

அதிகாரி நல்ல மனுஷர். குங்குமத்தைப் பதமாகத் துடைத்துவிட்டு டார்ச் அடித்தார். விரலால் தடவினார்.

"நம்பர் எங்கே?"

அண்ணன் எட்டிப் பார்த்தார். "நான் மாட்ன கியர்பாக்ஸ் சார் இது. என் கையாலயே மாட்னேன்."

"நம்பறேன். ஆனா ஏறப்போறவங்க நீங்க சொன்னதை நம்பியா ஏறுவாங்க? என் கையெழுத்தை நம்பித்தானே ஏறுவாங்க."

அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல். வேறு கியர்பாக்ஸ் தேடினோம். அந்த ரகம் செய்வதையே நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. கடைசியில் முதலாளி கொட்டகையைப் பூட்டினார். மிஷினை அறுத்து லாரியில் ஏற்றியபோது அண்ணன் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக் கொடுத்தார். மழை வருமாம், நனைந்துவிடுமாம்.

போன ஜாத்திரைக்கு அவர் ஊருக்குப் போயிருந்தேன். யாரோ ஏற்பாடு செய்த டிரோன் ஒன்று கோயிலுக்கு மேலே வந்து பூ தூவியது. ஊரே அண்ணாந்து, செல்போனைத் தூக்கிக்கொண்டு கத்தியது. அண்ணன் மட்டும் குனிந்து உட்கார்ந்திருந்தார். தோளில் ஒரு சாமந்தி இதழ் விழுந்து கிடந்தது. பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவரே சொன்னார்.

"முன்னல்லாம் கேட்டா எரிச்சலா வரும். இப்போல்லாம், எப்போ எகிரும்னு ஒருத்தனும் கேக்கறதில்லப்பா."