மருந்து இல்லை என்று எழுதினேன்

சித்தப்பாவின் வயிற்று டெஸ்ட் ரிப்போர்ட்டை வாசித்தபோது சித்தியும் நானும் மட்டும் இருந்தோம். சித்தப்பா இல்லை, குமணன்சாவடி முனையில் ஆட்டோவோடு சவாரிக்கு நின்றிருந்தார். எங்கள் குடும்பத்தில் காலேஜ் வரை போனவன் நான் ஒருவன்தான் என்பதால், ஆஸ்பத்திரிக் காகிதமெல்லாம் என் கைக்குத்தான் வரும். இரைப்பையில் கிள்ளியெடுத்த சதையில் புற்றுநோய் என்று அதில் இருந்தது. மூன்று முறை வாசித்தேன். சித்தி என் முகத்தைப் பார்த்துவிட்டு, சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள்.

சாயங்காலம் வந்த சித்தப்பா, "இன்னாடா போட்டுகீது?" என்றார். சொன்னேன். வழக்கம்போல் சட்டைப் பையிலிருந்த அட்டையில் ஒரு மாத்திரையைப் பிதுக்கி வாயில் போட்டுக்கொண்டு, "வவுத்தையே அறுத்துட்டா இட்லிய எங்கடா வெச்சிக்கிறது?" என்று சிரித்தார். அந்த வாரமே ஆட்டோவை விற்று, ஸ்கேனுக்கும் ஆபரேஷன் முன்பணத்துக்கும் கட்டினோம்.

ஆபரேஷன் செய்யவிருந்த பெரிய ஆஸ்பத்திரியில், பழைய சதைத் துணுக்கை அவர்களும் ஒருமுறை பார்ப்பது வழக்கமாம். பார்த்த டாக்டரம்மா எங்களை வரச்சொல்லி, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறார் என்றார். "ஒன்னியும் இல்ல மேடம்" என்றார் சித்தப்பா. வலிக்குக்கூடவா என்று மறுபடி கேட்டபோதுதான் அட்டையை எடுத்து நீட்டினார். "இது முதுகு நோவுக்கு மேடம். டெய்லி ரெண்டு."

அந்த மாத்திரைதான் வயிற்றைப் புண்ணாக்கியிருக்கிறது. புண் ஆறும்போது புதிதாக முளைக்கும் செல்கள், பார்வைக்குப் புற்றுநோய் போலவே தெரியுமாம். மாத்திரை விஷயம் தெரிந்திருந்தால் முதலில் சதையைப் பார்த்த டாக்டரே சந்தேகப்பட்டிருப்பார் என்றார் டாக்டரம்மா. மாத்திரையை நிறுத்தி, இரண்டு மாதம் கழித்து மறுபடி சதை எடுத்துப் பார்த்தார்கள். எதுவும் இல்லை.

முதல் டெஸ்ட்டுக்கான படிவத்தில், சாப்பிடும் மருந்துகள் என்ற இடத்தில் 'இல்லை' என்று எழுதியது என் கைதான். வாராவாரம் பூந்தமல்லியில் அந்த அட்டையை வாங்கி வந்ததும் அதே கைதான். எங்கள் வீட்டில் மருந்து என்றால் டாக்டர் எழுதிக்கொடுப்பது. வலி மாத்திரை டீ மாதிரி. படித்த எனக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறது.

யாரும் என்னைத் திட்டவில்லை. திரும்பி வந்த முன்பணம், அவர் வேலையில்லாமல் கிடந்த மாதங்களில் கரைந்தது. இன்றும் அதே முனையில், அதே ஆட்டோவோடுதான் சித்தப்பா நிற்கிறார். நாள் வாடகை நானூறு ரூபாய் கொடுக்கிறார், ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு அவரே விற்ற வண்டிக்கு.