கழுவாத டப்பா

எண்ணூர் துறைமுக ரோட்டில் டிரெய்லர் வரிசை ஒரு மணி நேரமாக நகரவில்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தேன். வரகுச் சோறு, முருங்கைக்கீரைப் பொரியல். ஆறிப்போன கீரையின் வாசம் கேபினில் பரவியதும் நைனா நினைவு வந்துவிட்டது.

நைனாவும் லாரிதான் ஓட்டினார். சர்க்கரை வந்த பிறகு, அம்மா தினமும் இதே கீரையைத்தான் கட்டிக் கொடுப்பாள். சாயங்காலம் டப்பா காலியாக வரும். ஒருநாள் தண்டையார்பேட்டை வீட்டுக் கூடத்தில் நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தபோது, அம்மா அந்த டப்பாவை மோந்து பார்த்தாள்.

"துன்ன தட்டக்கூட கழுவாத ஆளு நீ. டப்பாவ பளபளன்னு கழுவிகினு வந்துகீற. கீரைய எங்க கொட்ன?"

"துன்ட்டேன்மே," என்றார் நைனா. அவர் சட்டையில் சால்னா வாசம் அடித்தது. மறுநாளும் அம்மா கீரைதான் கட்டினாள்.

மூன்றாவது வருடம் அவருடைய இடது பாதத்தை எடுத்தார்கள்.

எனக்குச் சர்க்கரை என்று தெரிந்து ஒரு மாதம் ஆகிறது. அன்றிலிருந்து கால் கட்டைவிரலை அடிக்கடி அசைத்துப் பார்க்கிறேன். இப்போதும் பார்த்தேன். அசைந்தது. மரத்துப்போன மாதிரியும் இருந்தது.

போன் அடித்தது. என் மனைவி.

"துன்ட்டியா?"

"துன்னுகினேகீறேன்."

எதிர்க்கடையில் பரோட்டாவைக் கொத்தும் சத்தம். வண்டியை விட்டு இறங்கி, கீரையையும் சோற்றையும் காக்கைகளுக்குக் கொட்டினேன்.

டப்பாவைக் கழுவவில்லை. மூடியில் இரண்டு கீரை இலைகள் ஒட்டியிருக்கும்படி பார்த்துக்கொண்டேன்.